ஒரு கப் மாவு எத்தனை கிராம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக், பிஸ்கட், முறுக்கு, அதிரசம் என்று எதையாவது வீட்டில் செய்துகொண்டே இருப்பவள் என்பதால் தோழிகளும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "குறிப்புல கப்புல போட்டிருக்காங்க, கிராம்ல எவ்வளவு?" ஒவ்வொரு முறையும் போனில் கால் மணி நேரம் போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

சரி, ஒரு கப் மைதா எத்தனை கிராம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

120 கிராம். ஓவன் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொண்டு ஓடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

இது 240 மில்லி பிடிக்கும் கப்பில், கரண்டியால் மாவை மெல்ல அள்ளிப் போட்டு, தலை தட்டி எடுத்த அளவு. அமெரிக்க மாவுப் பைகளின் பின்பக்கம் பார்த்தால் கால் கப் 30 கிராம் என்று போட்டிருக்கும், நான்கால் பெருக்கினால் அதே 120. கிங் ஆர்தர் என்ற அமெரிக்க மாவுக் கம்பெனியும் தன் எல்லாக் குறிப்புகளுக்கும் 120 என்றே கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் வேறு இடங்களில் 125, 130, 140, ஏன் 150 என்றுகூடப் பார்ப்பீர்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் தலைவலியே.

ஒரே கப், ஒரே மாவு. எடை மட்டும் எப்படி மாறும்?

இதை நம்பாத ஒருவருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து அளந்து காட்டினேன். அதே மைதா டப்பா, அதே எவர்சில்வர் கப். கரண்டியால் அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட்டபோது 121 கிராம். இரண்டாவது முறை 118, மூன்றாவது முறை 124. அப்புறம் கப்பையே டப்பாவுக்குள் விட்டு மொண்டு எடுத்தேன், 147. அதே மாதிரி மொண்டு, மேடையில் இரண்டு தட்டு தட்டி, இறங்கின இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு நிரப்பினால் 164. மாவைச் சலித்துவிட்டுக் கரண்டியால் போட்டபோது 111. ஆக, 111-இலிருந்து 164 வரை எல்லாமே "ஒரு கப்".

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கப்புக்குள் இருப்பது மாவு மட்டும் இல்லை, மாவுத்துகள்களுக்கு நடுவே நிறையக் காற்றும் இருக்கிறது. மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடைவெளி விட்டு நிற்கும். அழுத்தினால் காற்று வெளியேறி அமுங்கிவிடும். மொண்டு எடுக்கும்போது கப்பின் விளிம்பு மாவை உள்ளே தள்ளி அழுத்துகிறது. டப்பா அடியில் ஒரு மாதமாகப் படிந்து கிடக்கும் மாவும், இன்று காலை மெஷினில் அரைத்து, செய்தித்தாளில் பரப்பி ஆறவைத்த மாவும் ஒரே கப்பில் ஒரே எடை நிற்காது.

என் முதல் கேக் தம்பி பிறந்தநாளுக்குச் செய்தது. இரண்டு கப் மைதா என்று இருந்தது, நான் மொண்டேன். குறிப்பு எழுதியவர் 240 கிராம் நினைத்திருப்பார், நான் போட்டது கிட்டத்தட்ட 300. அதாவது அரை கப் மாவு கூடுதல், எனக்கே தெரியாமல். மேலே எரிமலை மாதிரி வெடித்து, உள்ளே வறண்டு, கத்தி இறங்கவே யோசித்தது. ஓவனைத் திட்டினேன், பேக்கிங் பவுடரைத் திட்டினேன், முட்டை பழசோ என்று சந்தேகப்பட்டேன். கப்பை மட்டும் சந்தேகப்படவில்லை.

கப் என்றால் எந்தக் கப்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்கக் கப் 236.6 மில்லி, நடைமுறையில் 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் 200. ரைஸ் குக்கரோடு பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் கப் பல மாடல்களில் 180 மில்லிதான். அதை அளவுக் கப் என்று நினைத்து கேக்குக்குப் பயன்படுத்தினால் எல்லாவற்றிலும் கால் பங்கு குறையும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் செட்டுகளில் 240-உம் உண்டு, 250-உம் உண்டு, எதுவுமே அச்சிடாததும் உண்டு.

240-க்கும் 250-க்கும் இடையே 4 சதவீதம்தான் வித்தியாசம், கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். கைப்பழக்கத்தால் வரும் வித்தியாசம் அதைப்போலப் பல மடங்கு.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆஸ்திரேலியக் குறிப்பில் டேபிள்ஸ்பூன் என்றால் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. மெல்போர்னில் இருக்கும் என் அக்கா அங்கே வாங்கின ஸ்பூன் செட்டை வைத்துக்கொண்டு இங்கிருந்து நான் அனுப்பும் குறிப்பைச் செய்வாள், "எல்லாத்துலயும் உப்பு கரிக்குதுடி" என்பாள். காரணம் தெரிய ஒன்றரை வருஷம் ஆனது.

எங்கள் வீட்டில் எல்லாம் டம்ளர் கணக்குதான். அதை எப்படி மாற்றுவது?

டம்ளரைத் தராசில் வையுங்கள், பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி அந்த டம்ளர். தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம் என்பது இங்கே உதவுகிறது. எங்கள் வீட்டுக் காபி டம்ளர் 150 சொச்சம், அம்மா முறுக்குக்கு எடுக்கும் டம்ளர் சரியாக 200.

அப்புறம் கணக்கு சுலபம். 240 மில்லிக்கு 120 கிராம் மைதா என்றால் மில்லிக்கு அரை கிராம், 200 மில்லி டம்ளருக்கு 100 கிராம். அதைவிட நல்ல வழி, டம்ளரில் தண்ணீருக்குப் பதில் மாவையே போட்டு நேரடியாக எடை பார்த்து, எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பது. நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். உங்கள் கை, உங்கள் டம்ளர், உங்கள் மாவு. இணையத்தில் கிடைக்கும் எந்தப் பட்டியலும் அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஈடாகாது.

பரவாயில்லை, ஒரு பட்டியல் கொடுங்களேன்.

240 மில்லி கப், கரண்டியால் போட்டு, தலை தட்டியது:

மைதா: 120 முதல் 125 கிராம்.
கோதுமை மாவு, அதாவது ஆட்டா: 120 முதல் 130. தவிட்டோடு மெஷினில் அரைத்தது என்றால் உங்கள் மில்லைப் பொறுத்தது.
பாக்கெட் அரிசி மாவு: 145 முதல் 160.
கடலை மாவு: சலித்துப் போட்டால் 90 சொச்சம், சலிக்காமல் போட்டால் 110-ஐத் தாண்டும். கட்டி கட்டியாக நிற்கும் மாவு இது, கப்பில் அளக்க இதைப்போல மோசமான சாமான் கிடையாது.
கார்ன் ஃப்ளோர்: 115 முதல் 128.
ரவை: 160 முதல் 170.
ராகி மாவும் வறுத்து அரைத்த உளுத்தம் மாவும் என் தராசில் 120-ஐ ஒட்டி நிற்கின்றன, அரைத்த நைசைப் பொறுத்துக் கூடும் குறையும்.

இதில் ரவையைக் கவனியுங்கள். மொண்டாலும் கரண்டியால் போட்டாலும் பெரிதாக மாறாது, ஏனென்றால் ரவை மணி மணியாக உருண்டு தானே இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். உப்புமாவை யாரும் தராசு வைத்துச் செய்வதில்லை, செய்யவும் வேண்டியதில்லை.

முறுக்குக்கு நாலுக்கு ஒன்று என்கிறார்கள். 1 கிலோ அரிசி மாவுக்கு 250 கிராம் உளுத்தம் மாவு என்று போடலாமா?

கூடாது. நான் போட்டேன். முறுக்கு சீக்கிரம் சிவந்தது, எண்ணெயும் வழக்கத்தைவிடக் குடித்தது, அம்மா ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு "உளுந்து தூக்கல்" என்றார். நான் கிராம் கணக்காக அளந்ததாகச் சொல்லிச் சண்டை போட்டேன்.

அளந்தது சரிதான், மாற்றியது தப்பு. அம்மாவின் நாலுக்கு ஒன்று என்பது டம்ளர் கணக்கு. அந்த 200 மில்லி டம்ளரில் அரிசி மாவு 125 கிராம் பிடிக்கிறது, நாலு டம்ளர் 500. உளுத்தம் மாவு அதே டம்ளரில் 100 கிராம்தான். எடைக்கு மாற்றினால் நாலுக்கு ஒன்று இல்லை, ஐந்துக்கு ஒன்று. கிலோ அரிசி மாவுக்கு 200 கிராம் போட்டிருக்க வேண்டும், 50 கிராம் அதிகம் போட்டிருக்கிறேன்.

கப் கணக்கில் சொன்ன விகிதம் எடையில் அப்படியே நிற்காது. ஒவ்வொரு மாவையும் தனித்தனியாகக் கிராமுக்கு மாற்றிவிட்டுத்தான் விகிதம் பார்க்க வேண்டும். கடலை மாவும் அரிசி மாவும் கலக்கும் பஜ்ஜி, பக்கோடா, ஓமப்பொடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இன்னொன்று: எல்லாமே ஒரே பாத்திரத்தில் அளக்கும் விகிதக் குறிப்பு, நீங்கள் காலம் காலமாகச் செய்து சரியாக வருகிறது என்றால் அதைக் கிராமுக்கு மாற்றவே வேண்டாம். மாற்றி என்ன ஆகப்போகிறது?

பாட்டி காலத்தில் தராசு இல்லையே, படியும் ஆழாக்கும் வைத்துத்தானே எல்லாம் சரியாக வந்தது?

இந்தக் கேள்வியைச் சற்று ஏளனமாகத்தான் கேட்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. உங்களுக்குத் தெரிந்த பழைய குறிப்புகளையெல்லாம் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். "ஒரு படி பச்சரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து" என்றுதான் தொடங்கும். பாட்டி அளந்தது மாவை இல்லை, தானியத்தை. தானியம் அமுங்காது, தட்டினாலும் அவ்வளவாக இறங்காது, யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். அளந்து, ஊறவைத்து அல்லது வறுத்து, இடித்து அல்லது அரைத்து, அப்புறம் மாவு எவ்வளவு பொங்கி நின்றாலும் கவலை இல்லை. மாவாகவே பாக்கெட்டில் வாங்கத் தொடங்கிய பிறகுதான் மாவை மொண்டு அளக்கும் வம்பு நமக்கு வந்தது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று இன்றும் டம்ளரில் அளந்தால் சரியாக வருவது அதனால்தான். இட்லி அரிசியும் உளுந்தும் ஒரு கப்புக்கு இரண்டுமே 200 கிராமை ஒட்டி வரும்.

படிக் கணக்கு கையில் வைத்திருப்பவர்களுக்கு: பொதுவாகச் சொல்லப்படும் அளவில் ஆழாக்கு 168 மில்லி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, 336. இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, 1.34 லிட்டர். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும், சின்னப்படி பெரியபடி என்றே இருந்தது. தலை தட்டி அளப்பதும் கோபுரமாகக் குவித்து அளப்பதும் வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை "ஆடவல்லான் என்னும் மரக்காலால்" அளந்ததாகவும் பொன்னை "ஆடவல்லான் என்னும் கல்லால்" நிறுத்ததாகவும் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். எந்த மரக்கால், எந்தக் கல் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள், இன்றைக்கு வீடியோ போடுபவர்கள் எந்தக் கப் என்று சொல்வதில்லை.

அமெரிக்கர்கள் ஏன் இன்னும் கப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பழக்கம். பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் என்ற பெண்மணி 1896-இல் வெளியிட்ட புத்தகம், தலை தட்டிய கப், தலை தட்டிய ஸ்பூன் என்று அளவை ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன்பு வெண்ணெய் என்றால் "ஒரு முட்டை அளவு" என்கிற ரீதியில் இருந்தது, ஆகவே அது அன்றைக்குப் பெரிய முன்னேற்றம்தான்.

ஈர அரிசி மாவை எப்படி அளப்பது?

அளக்காதீர்கள். அரிசியை நிறுத்துக்கொள்ளுங்கள்.

அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் கொஞ்சநேரம் உலர்த்தி, ஈரம் கையில் ஒட்டும் பதத்தில் அரைக்கிறோம். ஊறிய அரிசி தன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்திருக்கும். கிலோ அரிசி போட்டால் மாவு ஒன்றேகால் கிலோவுக்கு அருகில் நிற்கும், நீங்கள் துணியில் எவ்வளவு நேரம் விட்டீர்கள், மின்விசிறி ஓடியதா, மழை நாளா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அந்த மாவை கப்பில் அளந்தாலும் தப்பு, கிராமில் நிறுத்தாலும் தப்பு, தண்ணீரையும் சேர்த்தல்லவா நிறுக்கிறீர்கள். ஊறவைக்கும் முன் காய்ந்த அரிசி 1 கிலோ, வெல்லம் முக்கால் கிலோ என்று பிடித்துக்கொண்டால் பாகுப் பதம் ஒன்றைத் தவிர வேறு கவலை இல்லை. (பாகுப் பதம் தனிப் பெருங்கதை, இங்கே வேண்டாம்.)

இடியாப்பத்துக்கு ஈர மாவை வறுத்து வைத்திருந்தால், வறுத்து ஆறிய பிறகு நிறுக்கலாம், அது கிட்டத்தட்டப் பாக்கெட் மாவு மாதிரிதான். யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவை அவித்து, கட்டி உடைத்து, அரித்துப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் எடுப்பார்கள். அங்கேயும் அவிப்பதற்கு முன் நிறுத்துக்கொள்வதுதான் நல்லது.

சலிப்பதற்கு முன் அளப்பதா, சலித்த பிறகா?

கப் என்றால் இது முக்கியம், கிராம் என்றால் இல்லை. சலித்தால் மாவின் எடை மாறாது, பருமன் மட்டும் பொங்கும். "சலித்த மைதா 1 கப்" என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும், "மைதா 1 கப், சலித்துக்கொள்ளவும்" என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். வித்தியாசம் 10 கிராமிலிருந்து ஆரம்பித்து, மொண்டு எடுக்கும் ஆளாக இருந்தால் 35 வரை போகும். தமிழில் குறிப்பு எழுதும் பலர் இதைப் பிரித்து எழுதுவதில்லை, நானும் முன்பு எழுதியதில்லை.

ஆட்டாவில் மட்டும் ஒரு சிக்கல்: சல்லடையில் தவிடு தங்கிவிடும், அதைக் கொட்டினால் எடையும் குறையும். தவிட்டை எதற்குக் கொட்டுகிறீர்கள் என்பது வேறு விஷயம்.

கோதுமை மாவு, சோள மாவு, கார்ன் ஃப்ளோர்: குறிப்பில் எதைச் சொல்கிறார்கள்?

கிராம் கச்சிதமாக இருந்து மாவே வேறாக இருந்தால் என்ன பயன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால் சப்பாத்தி மாவு. இலங்கைத் தமிழர் கோதுமை மா என்றால் அது வெள்ளை மா, நம் மைதா. சப்பாத்தி மாவை அவர்கள் ஆட்டா மா என்பார்கள். இலங்கைக் குறிப்பில் ரொட்டிக்குக் கோதுமை மா என்று பார்த்துவிட்டு ஆட்டாவைப் போட்டுப் பிசைந்தால் தண்ணீர் அளவும் ஒத்துவராது, ரொட்டியும் வேறு ரொட்டியாக வரும்.

சோள மாவு இன்னும் மோசம். சிலர் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைச் சொல்கிறார்கள், சிலர் மஞ்சள் மக்காச்சோள மாவை, சிலர் சூப்பில் கரைத்து ஊற்றும் வெள்ளைக் கார்ன் ஃப்ளோரை. மூன்றும் மூன்று சாமான். கார்ன் ஃப்ளோர் என்பது நம் ஊரிலும் இங்கிலாந்திலும் மாச்சத்து மட்டும் பிரித்தெடுத்தது, அமெரிக்காவில் அதே பெயர் முழு மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவுக்கு. குறிப்பில் அளவு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்றால் கெட்டியாக்கத்தான் கேட்கிறார்கள்; கப் கணக்கில் கேட்டால் யோசியுங்கள்.

தராசே இல்லை. என்ன செய்வது?

பிரிக்காத அரைக் கிலோ மைதாப் பாக்கெட் ஒன்றை எடுங்கள். கரண்டியால் அள்ளிப் போட்டு, தலை தட்டி, கப் கப்பாக ஒரு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே எண்ணுங்கள். சரியாக நாலு கப் வந்தால் உங்கள் கப் 125 கிராம். நாலு கப்பும் மேலே இரண்டு ஸ்பூனும் வந்தால் 120-ஐ ஒட்டி. மூன்றரைக் கப்பிலேயே தீர்ந்துவிட்டால் 143, அதாவது நீங்கள் அழுத்துகிறீர்கள். பாக்கெட்டில் எடையை ஏற்கெனவே ஒருவர் நிறுத்துப் போட்டிருக்கிறார், அதையே தராசாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கிராமில் உள்ள குறிப்பைக் கப்புக்கு மாற்றவும் இதே எண்தான்: 250 கிராம் மைதா என்றால் உங்கள் 125 கிராம் கப்பில் இரண்டு.

எந்த மாதிரித் தராசு வாங்கலாம்? சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு கிராம் துல்லியம், 5 கிலோ வரை தாங்குவது, பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கும் பட்டன் உள்ளது, இவ்வளவு போதும். மேல்தட்டு கண்ணாடியா ஸ்டீலா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். தானாக அணையும் நேரம் ரொம்பக் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது சாமானைத் தேடி அலமாரிக்குப் போய் வருவதற்குள் அணைந்து, அதுவரை போட்ட கணக்கு போய்விடும் தராசு ஒன்று என்னிடம் இருந்தது, இப்போது பரணில் இருக்கிறது.

சோதிக்க வழி இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம் சொச்சம். பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும், ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் விட்டுவிடலாம். கடைக்காரர் பலர் வாங்க மறுத்ததால் எல்லார் வீட்டு உண்டியலிலும் பத்து நாணயமாவது கிடக்கும்.

தராசைச் சமதளத்தில் வையுங்கள், கீழே துணி விரிக்காதீர்கள். பாட்டரி இறங்கினால் எண் குதிக்கும்.

உப்பு, ஈஸ்ட், சோடா எல்லாம்கூட நிறுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு கிராம் துல்லியத் தராசு 2, 3 கிராமில் தடுமாறும், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில சமயம் கவனிக்கவே கவனிக்காது. ஸ்பூனை நம்புங்கள். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம், சமையல் சோடா 5, பேக்கிங் பவுடர் 4, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. கல் உப்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அவுன்ஸ் என்று போட்டிருக்கிறார்கள்.

எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. இரண்டும் வேறு, மாவுக்கு எப்போதும் முதலாவது. "8 அவுன்ஸ் ஒரு கப்" என்று பாலுக்குச் சொன்னதை மாவுக்கும் எடுத்துக்கொண்டு 227 கிராம் மைதா போட்டவர்களை எனக்குத் தெரியும்.

தண்ணீர், பால், எண்ணெயையும் கிராமில் அளக்கலாமா?

தண்ணீர் அப்படியே, பால் கிட்டத்தட்ட அப்படியே. எண்ணெய் மட்டும் லேசு, பாக்கெட்டிலேயே 1 லிட்டர் 910 கிராம் என்று போட்டிருப்பார்கள், ஆக ஒரு கப் எண்ணெய் 220 கிராம் சுமார்.

மாவைக் கிராமுக்கு மாற்றிவிட்டுத் தண்ணீரைக் கப்பிலேயே விட்டுவிட்டால் பாதிப் பலன்தான். சப்பாத்திக்கு 300 கிராம் ஆட்டாவுக்கு 180 முதல் 195 கிராம் தண்ணீர் என்று தொடங்குவேன், அதாவது நூற்றுக்கு 60, 65. சில பாக்கெட் மாவுகள் 70 வரை கேட்கும். கையில் பிடித்துப் பார்த்து நிறுத்துவது உங்கள் பாடு. 45 கிராம் உருண்டையாகப் பிடித்தால் பதினோரு சப்பாத்தி வரும், யாருக்கும் பெரிசு சிறிசு சண்டை இருக்காது.

மழைக்காலத்தில் மாவு ஈரம் இழுத்துக் கணக்கு மாறாதா?

மாறும், கப்புக்கு ஓரிரு கிராம். மூடி சரியாக மூடியிருந்தால் அதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் எல்லாம் கண்ணளவு. கேட்டால் "கைக்குத் தெரியும்" என்பார்கள். அந்தக் குறிப்பை எப்படி எழுதி வாங்குவது?

கேட்காதீர்கள். சமைப்பவரிடம் அளவு கேட்டால் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள், அது அவர்கள் போடும் அளவு இல்லை. கப்பை நீட்டி "இதுல அளந்து போடுங்க" என்றாலோ கை தடுமாறிவிடும், அன்றைக்குப் பலகாரமே வேறு மாதிரி வரும்.

டப்பாக்களைப் பிடியுங்கள். வேலை தொடங்கும் முன் அரிசி மாவு டப்பா, உளுத்தம் மாவு டப்பா, பொட்டுக்கடலை மாவு டப்பா, வெண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்து, மூடியில் எண்ணை எழுதிவிடுங்கள். அப்புறம் அவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள். அள்ளட்டும், பார்க்கட்டும், இன்னும் ஒரு கை போடட்டும், டப்பாவுக்கே கொஞ்சம் திருப்பிப் போடட்டும். எல்லாம் முடிந்து எண்ணெய் காயும்போது டப்பாக்களை மறுபடி நிறுங்கள், கழித்தால் அளவு கிடைத்துவிடும். எண்ணெய் காய்வதற்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் மாவு இளகி இருந்தால் பாதியில் இன்னொரு பிடி போடுவார்கள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போன தீபாவளிக்கு அம்மாவிடம் இப்படித்தான் செய்தேன். முதலில் கேட்டபோது, "அரிசி மாவு ஒரு கிலோ இருக்கும், உளுந்து ஒரு கால் கிலோ" என்றார். டப்பா காட்டியது அரிசி மாவு 1 கிலோ 340, உளுத்தம் மாவு 265. வகுத்துப் பார்த்தேன், ஐந்துக்கு ஒன்று. எண்ணைக் காட்டியதும், "அதான் சொன்னேன்ல, நாலுக்கு ஒண்ணு" என்றார்.